கல்லைவிட வேகமாக விழுந்தது

1. அறுபதில் ஒன்று

அந்தப் புதன்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு டெஸ்ட் கிரவுண்டில் சிவப்புக் கொடியை ஏற்றச் சொன்னேன். சனிக்கிழமை காலை வரை அதை இறக்கவில்லை. என் முப்பத்தொரு வருட வேலையில் கொடி அவ்வளவு நேரம் நின்றது அந்த ஒரு முறைதான்.

எங்கள் பட்டாசுத் தொழிற்சாலை வெம்பக்கோட்டை ரோட்டில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. நான் அங்கே டெஸ்டிங் போர்மேன். செய்து முடித்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பெட்டிகளை எடுத்து வந்து கிரவுண்டில் கொளுத்துவோம். திரி எத்தனை செகண்ட் எரிந்தது, எத்தனை ஷாட் மேலே போயிற்று, எத்தனை வெடித்தது என்று பார்த்து ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாத லாட் லாரி ஏறாது. அதாவது, ஆகாயத்தில் போவதை எண்ணுவதற்கு நான் சம்பளம் வாங்கினேன்.

அன்றைக்கு டெஸ்டுக்கு வந்தது அறுபது ஷாட் பெட்டி. ஒரே திரியில் அறுபது குண்டு ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய் வெடிக்கும். புது வருட ஆர்டர். அந்த லாட்டைச் செய்தது முத்துமாரியின் குழு. முத்துமாரிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருடமாகப் பெட்டி சேர்க்கும் ரூமில் வேலை. லாட் செய்த குழுவின் தலைவர் டெஸ்ட் நடக்கும்போது, பெட்டி வைக்கும் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் அவளும் நின்றாள்.

வழக்கம்போல வாட்ச்மேன் குருசாமி மூன்று முறை விசில் ஊதினார். கொளுத்தினோம். நான் எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பதைத் தாண்டியதும் மேலே இருந்து கறுப்பாக ஏதோ ஒன்று நேர்கோட்டில் விழுந்து, மேற்கே கருவேல மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. வெடிக்காத ஷாட் விழுவதைப் பார்த்தால் கை தானாக ஸ்டாப்வாட்சை அமுக்கும். விழுந்த நேரம் தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் தேடுவது என்பது தெரியும். அன்றைக்கும் அமுக்கினேன். முடிந்ததும் எண்ணிக்கையைப் பார்த்தேன். வெடித்தது ஐம்பத்தொன்பது, கறுப்பாக விழுந்தது ஒன்று. மொத்தம் அறுபது.

கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது.

"அறுவதும் போயிருச்சுல்ல அண்ணாச்சி?" என்றாள் முத்துமாரி.

"ஒண்ணு வெடிக்கல மாரி."

"என்னது? எங்க ரூம்ல கெட்டுனதா? நல்லாப் பாத்தீகளா?"

"பாக்காமலா சொல்லுதேன்? அங்கன விளுந்துச்சு. கருவேலத்துக்குப் பின்னால."

அவள் முகம் சுண்டிப்போனது. காரணம் எனக்குத் தெரியும். அந்த வருடம் போர்மேன் பயிற்சிக்கு எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒரு பெயரை அனுப்பலாம். சனிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். புது வருட லாட் பழுதில்லாமல் வந்தால் முத்துமாரியின் பெயரை அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். பழுது வந்தால் அவருடைய மச்சான் மகன் பெயர் போகும். அதுவரை எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெண்கூடப் போர்மேன் ஆனதில்லை.

வெடிக்காத ஷாட் தரையில் கிடந்தால் அதை எடுத்துத் தண்ணீரில் போடும்வரை வேறு எதையும் கொளுத்தக் கூடாது. அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள். யார் காலிலாவது மிதிபட்டு வெடிக்கலாம். அதனால்தான் கொடி.

2. ஒன்பது பேர், நாலு நடை

அரைமணி நேரம் காத்திருந்தோம். பிறகு ஒன்பது பேர் கை எட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி நடந்தோம். கிழக்கிலிருந்து மேற்கே இரண்டு நடை, வடக்கிலிருந்து தெற்கே இரண்டு நடை. கிடைத்ததை எல்லாம் வரிசையாக எழுதினேன். பழைய எரிந்த அட்டைக் குழாய் பதினேழு. ஆட்டுக் கழுத்து மணி ஒன்று. ஒற்றைச் செருப்பு ஒன்று. மாடப்புறா இறகு, ஒரு குவியல். வெடிக்காத ஷாட் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு முதலாளி கிரவுண்டுக்கே வந்துவிட்டார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே நான் அங்கே வேலை பார்த்ததால் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் அதே அண்ணாச்சிதான், கொஞ்சம் அழுத்தமாக வரும்.

"அண்ணாச்சி, தேடியாச்சு. கெடைக்கல. அப்ப விளல."

"விளுந்துச்சு முதலாளி. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீக. வேற யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் வெடிக்கிற ஷாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண் டாக்டர்ட்ட எப்பப் போனீக?"

"மூணு மாசம் ஆச்சு. ரெண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு. சீட்டு வச்சிருக்கேன், கொண்டாரவா?"

"சீட்டு இருக்கட்டும். ஒண்ணு கையெழுத்துப் போடுங்க. இல்ல, லாட்டு பளுதுன்னு எளுதுங்க. ரெண்டும் இல்லாம கொடிய ஏத்தி வச்சிட்டு உக்காந்தா லோடு எப்படிப் போகும்? செல்லையா நேத்துலருந்து லாரியோட நிக்கான்."

செல்லையா சாத்தூர்க்காரன், லாரி டிரைவர். தன் பெயர் வந்ததும் கேட்டருகில் இருந்து சத்தம் கொடுத்தான்: "நமக்கு ஒண்ணும் அவசரமில்ல முதலாளி! கேன்டீன்ல இன்னைக்குப் பருப்பு சாம்பாராம்!"

பழுது என்று எழுதுவது எனக்கு ஒரு நிமிட வேலை. எழுதியிருந்தால் தொல்லை முடிந்திருக்கும், முத்துமாரியின் பெயரும் முடிந்திருக்கும். பழுதில்லை என்று எழுதக் கை வரவில்லை. நான் பார்த்தது பார்த்ததுதான். சனிக்கிழமை பதினோரு மணி வரை நேரம் கேட்டேன். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது சம்மதமா சலிப்பா என்று எனக்குப் புரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முத்துமாரி சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வீட்டுல சோத்துப் பருக்கையவும் எண்ணித்தான் திம்பீகளா?"

"ஏன் கேக்க?"

"அதுல ஒண்ணு கொறஞ்சாலும் மதினிதான் திருடுச்சுன்னு கொடி ஏத்துவீகளோன்னுதான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பத்தொன்பது வருட உழைப்பு என் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

3. ஒன்றரை செகண்ட்

சாப்பிட்டுவிட்டு ரிஜிஸ்தரைத் திறந்தேன். புதன்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: "விழுந்த நேரம் ஒன்றரை செகண்ட்." எழுதியபோது அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. இப்போது உறுத்தியது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். அந்த ரிஜிஸ்தரில் அறுபது ஷாட் ரகத்தில் வெடிக்காமல் விழுந்தவை பதினொன்று. விழுந்த நேரம் எல்லாமே இரண்டே முக்காலுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தது. ஒன்றரை என்று ஒன்றுகூட இல்லை.

என் கைதான் பிசகியதோ என்று சந்தேகம் வந்தது. செல்லையாவைக் கூப்பிட்டேன்.

"ஏலே, தண்ணி டேங்க் மேல ஏறுவியா?"

"எதுக்கு அண்ணாச்சி? சாம்பார் நல்லாத்தான இருந்துச்சு, சாகச் சொல்லுதீக?"

"மண்ணு உருண்டை போடணும். பன்னெண்டு."

முத்துமாரி களிமண்ணைப் பிசைந்து ஷாட் அளவுக்குப் பன்னிரண்டு உருண்டை பிடித்துத் தந்தாள். செல்லையா அவற்றை வாளியில் வைத்து மேலே கொண்டுபோய், நான் கை காட்டியபோது ஒவ்வொன்றாகப் போட்டான். எங்கள் டேங்கின் உயரம் அறுபது அடி. பன்னிரண்டு உருண்டைக்கும் இரண்டு செகண்டை ஒட்டியே வந்தது. ஒன்றுகூட ஒன்றே முக்காலுக்குக் கீழே வரவில்லை.

அறுபது ஷாட் பெட்டி டேங்கைப்போல இரண்டு மடங்கு உயரம் போகும். டேங்க் உயரத்துக்கே இரண்டு செகண்ட் ஆகிறது. இரண்டு மடங்கு உயரத்திலிருந்து ஒன்றரை செகண்டில் ஒரு பொருள் எப்படி விழும்? கை தாமதம் என்று கால் செகண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் சரிப்படவில்லை. கல்லும் களிமண்ணும் ஷாட்டும் விழுகிற வேகத்தில்தான் விழும். அவசரப்படுத்த முடியாது.

நான் இதை விளக்கிச் சொல்லச் சொல்ல முத்துமாரி கையிலிருந்த களிமண்ணைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்ல விட வெரசா வந்துச்சுன்னா அது விளல அண்ணாச்சி. பாஞ்சிருக்கு."

"பாஞ்சிருக்கா? எது?"

"எனக்கென்ன தெரியும்? உசுருள்ளது ஏதோ. புறா இறகு குமிஞ்சு கெடந்துச்சே, எளுதுனீகள்ல?"

எழுதியிருந்தேன். நாலாவது வரி. மாடப்புறா இறகு, ஒரு குவியல். நான் தேடிய பொருளின் பட்டியலில் அது இல்லாததால், எழுதியதோடு மறந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் எண்ணியவனுக்கு அது உறைக்கவில்லை, களிமண் உருட்டியவளுக்கு உறைத்தது. அந்த நிமிடம் எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. சந்தோஷம்தான் கூட.

4. நான்கு கேள்விகள்

முதலாளியிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"பருந்துங்கீகளா?"

"ஏதோ பறவை முதலாளி."

"அண்ணாச்சி, பருந்து வட்டம் போடும். சாவகாசமா எறங்கும். கோளிக்குஞ்சத் தூக்கும்போதுகூட அம்புட்டு வேகம் வராது. ரிஜிஸ்தர்ல 'பறவை'ன்னு எளுதி, நாளைக்கு ஆபீசர் வந்து 'எந்தப் பறவை ஒன்றரை செகண்டுல விளும்'னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? பேரோட எளுதுங்க. நான் கண்ணால பாக்கணும். அப்பத்தான் கொடி எறங்கும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

எங்கள் தொழிற்சாலைக்கு வருகிறவர்கள் கேட்டில் இருக்கும் நோட்டில் பெயரும் நம்பரும் எழுத வேண்டும். அதற்கு முந்தின வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தனபாலன் என்ற சார் ஒருவர் வந்து, பக்கத்து அணைக்கட்டுக்கு வரும் நீர்ப்பறவைகளை எண்ணப் போவதாகவும், எங்கள் மாடியிலிருந்து ஒரு பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். பறவையை எண்ணுகிறவர் என்பதால் எனக்கு அவர்மீது அப்போதே மதிப்பு. நோட்டைப் புரட்டி நம்பரை எடுத்தேன். தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. வெள்ளிக்கிழமை காலை கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நின்று பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றரை செகண்ட் என்றதும் குரல் மாறியது.

"சார், நீங்க ஸ்டாப்வாட்ச் வச்சா பாத்தீங்க?"

"ஆமா சார். பன்னெண்டு மண்ணு உருண்டையும் போட்டுப் பாத்தாச்சு."

அவர் பெரிதாகச் சிரித்தார். "எம் ஸ்டூடண்ட் ஒருத்தன்கூட இம்புட்டு பண்ண மாட்டான் சார். நானே வரணும். ஆனா பரீட்சை நடக்குது, ஞாயித்துக்கிழமைதான் முடியும்."

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்குக் கெடு சார்."

"அப்ப நீங்களே பாருங்க. நாலே நாலு விஷயம் பாத்துச் சொல்லுங்க, போதும். ஒண்ணு, இறக்கையோட நுனி. விரல் விரிச்ச மாதிரி பிரிஞ்சிருக்கா, கத்தி மாதிரி கூரா இருக்கா? ரெண்டு, வால். நடுவுல பிளந்திருக்கா, நேரா இருக்கா? மூணு, பறக்கும்போது ரெண்டு அடி அடிச்சிட்டு மிதக்குதா, விடாம அடிக்குதா? நாலு, முகமும் வயிறும். கண்ணுக்குக் கீழ கறுப்பா ஏதாவது இறங்குதா, வயிறு என்ன நிறம்? பறக்கிற பறவைய முழுசாப் பாக்கணும்னு நினைச்சீங்கன்னா ஒண்ணுமே பாக்க மாட்டீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் டெஸ்டிங்குக்கும் பொருந்தும். நாங்களும் அப்படித்தான் செய்வோம். ஒருவர் திரியை மட்டும் பார்ப்பார், ஒருவர் உயரத்தை மட்டும் பார்ப்பார். ஆளுக்கு ஒன்று கொடுத்தால்தான் எதுவும் தவறாது.

ஆனால் பறவையை எப்படி வரவழைப்பது? கொடி ஏறியிருக்கும்போது கொளுத்த முடியாது. வெள்ளிக்கிழமை முழுவதும் கழுத்து வலிக்க ஆகாயத்தைப் பார்த்தேன். மாலை நாலு மணி வரை காக்கை எழுபதுக்கு மேல், கொக்கு ஒன்பது, பருந்து இரண்டு. வேறு இல்லை. இன்னும் பத்தொன்பது மணி நேரம்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து கிளம்பிய முத்துமாரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது சும்மா வராது அண்ணாச்சி. புறா பறந்தாத்தான் வரும்."

"புறா எப்பப் பறக்கும்?"

"நீங்க வெடியப் பாத்துக்கிட்டே இருக்கீக, புறாவப் பாக்கல. குடோன் கூரைல இருக்க புறா அம்புட்டும் குருசாமி அண்ணன் விசிலுக்கே கெளம்பிரும். வெடிக்கு முந்தியே. எத்தனை வருசமாக் கேக்குதுக, அதுகளுக்குத் தெரியாதா விசிலுக்கு அடுத்து என்னன்னு?"

5. விசில் மட்டும்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிரவுண்டில் ஐந்து பேர் இருந்தோம். கோட்டில் பெட்டி இல்லை, தீக்குச்சி இல்லை. முதலாளி வந்து வெறும் கோட்டைப் பார்த்தார்.

"வெடி இல்லாம டெஸ்டா? எங்கப்பா கேட்டா என்ன சொல்லுவாரு?"

"உங்களுக்கு வால் முதலாளி."

"என்னது?"

"நீங்க வால மட்டும் பாக்கணும். பிளந்திருக்கா, நேரா இருக்கான்னு. செல்லையா இறக்கை நுனி. முத்துமாரி முகமும் வயிறும். நான் செகண்டும், இறக்கை அடிக்கிறதும். வேற எதையும் யாரும் பாக்கக் கூடாது."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு கிழக்கே போய் நின்றார். குருசாமி மூன்று விசில் ஊதினார்.

குடோன் கூரையிலிருந்து புறாக்கள் சடசடவென்று எழுந்தன. நாற்பத்தொன்று. இரண்டு வட்டம் போட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து மறுபடி விசில். மறுபடி நாற்பத்தொன்று, மறுபடி ஒன்றுமில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்லையா கொட்டாவி விட்டான். முத்துமாரி மட்டும் மேற்கே செல்போன் டவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டாப்வாட்சை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாவது விசில் எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு.

"டவர் உச்சில இருந்து ஒண்ணு கெளம்புது," என்றாள் முத்துமாரி மெதுவாக.

பார்த்தேன். காக்கை அளவுதான் இருக்கும். விடாமல் அடித்து அடித்து மேலே ஏறியது. செகண்டுக்கு நாலு அடி, சில நேரம் ஐந்து. மிதக்கவே இல்லை. புறாக்களுக்கு வெகு மேலே போய்ச் சின்னப் புள்ளி ஆயிற்று. பிறகு அந்தப் புள்ளி இறக்கையை மடக்கிக்கொண்டது.

முப்பத்தொரு வருடம் நான் மேலே அனுப்பிய எதுவும் அப்படி இறங்கியதில்லை. காற்று கிழியும் சத்தம் எங்கள் காதுக்கே கேட்டது. நாங்கள் குறித்து வைத்திருந்த வெடி உயரத்தைத் தாண்டும்போது அமுக்கினேன், மரங்களின் மட்டத்தில் மறுபடி அமுக்கினேன். ஒன்றரை. புறாக் கூட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புகை விரிந்தது. புகை இல்லை, இறகு. அதிலிருந்து அந்தப் பறவை வளைந்து மேலே வந்தது, காலில் புறாவோடு.

"யாத்தே!" என்று கத்தியது முதலாளிதான். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் கத்தினார். செல்லையா விசில் அடித்தான். குருசாமி உண்மையான விசிலையே ஊதிவிட்டார். அதைக் கேட்டுப் புறாக்கள் இன்னும் கலைந்தன.

"சத்தம் போடாதீக! ஆளாளுக்குப் பாத்ததச் சொல்லுங்க!" என்றேன். "செல்லையா?"

"கூரு அண்ணாச்சி. அரிவா நுனி மாதிரி. விரலு கிரலு ஒண்ணும் இல்ல."

"முதலாளி, வால்?"

அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். "வால்... நான் புறாவப் பாத்துட்டேன் அண்ணாச்சி."

"உங்களுக்கு ஒரே ஒரு வேலதான முதலாளி குடுத்தாக!" என்றாள் முத்துமாரி. சிரித்துச் சிரித்துக் குருசாமிக்கு இருமல் வந்துவிட்டது. முதலாளிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நல்லவேளை, பறவை சுமையோடு எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் வந்தது. முதலாளி இரண்டு கையையும் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். "நேரு! நேரா இருக்கு அண்ணாச்சி! பிளவே இல்ல! எளுதிக்கோங்க, நேரு!"

முத்துமாரி கடைசியாகச் சொன்னாள். அவள் பார்வை டவர் வரை அதன் பின்னாலேயே போயிருந்தது. "கண்ணுக்குக் கீள ரெண்டு பக்கமும் கறுப்பா எறங்குது. மீசை. எங்க வீட்டுக்காரரு மீசையாட்டம் கீளாமத் தொங்குது. வயிறு வெள்ளை. குறுக்கக் குறுக்கக் கோடு, ரூல் போட்ட நோட்டு மாதிரி."

எல்லோரும் கேட்டுக்கு வெளியே போனோம். தனபாலன் சாருக்குப் போன் போட்டேன். நான்கு பதிலையும் வரிசையாகப் படித்தேன். அவர் இரண்டு நிமிடம் குறுக்குக் கேள்வி கேட்டார். முத்துமாரியைப் பேசச் சொல்லி, வயிற்றில் செங்கல் நிறம் கொஞ்சமாவது இருந்ததா என்று கேட்டார். இல்லை, வெளுத்த வேட்டி வெள்ளை என்றாள்.

"பைரி சார்," என்றார் அவர். "பொரி வல்லூறுன்னும் சொல்லுவாங்க. நம்ம மலைப்பக்கம் இருக்கிற வகைக்கு வயிறு செங்கல் நிறமா இருக்கும். இது வடக்கே ரொம்ப தூரத்துல இருந்து குளிருக்கு வர்றது. மேல இருந்து பாயறதுல அதைவிட வேகமான பறவை கிடையாது."

முதலாளி போனை என்னிடமிருந்து வாங்கினார். "சார், நம்ம கிரவுண்டுக்கு எதுக்கு வருது?"

"நீங்கதான கூப்பிடுறீங்க! விசில் ஊதி, வெடி போட்டு, புறாவையெல்லாம் கிளப்பி விட்டா அதுக்கு வேட்டை சுலபம். எத்தனை வருசமா விருந்து வைக்கிறீங்களோ!"

முதலாளி போனைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரோட எளுதிக்கோங்க அண்ணாச்சி. பைரி. நானும் பாத்தேன்னு எளுதுங்க. வாலு நேருன்னு."

6. அறுபதும் அறுபது

கொடியை இறக்கும்முன் கிரவுண்டில் ஐந்தாவது நடை ஒன்று நடக்கச் சொன்னேன். செல்லையா முனகினான். நடந்தோம், எதுவும் இல்லை. ஒன்பதே முக்காலுக்குக் கொடி இறங்கியது.

இன்னும் ஒன்று பாக்கி. விழுந்தது பைரி என்றால் அறுபதாவது ஷாட் எங்கே போயிற்று? நான் கேட்டது ஐம்பத்தொன்பதுதானே? அதே லாட்டிலிருந்து பத்துப் பெட்டி எடுத்துவரச் சொன்னேன். நான், முத்துமாரி, செல்லையா மூன்று பேரும் தனித்தனியாக நின்று, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எண்ணிச் சீட்டில் எழுதுவது என்று ஏற்பாடு.

ஆறு பெட்டிவரை மூன்று சீட்டிலும் அறுபது. ஏழாவது பெட்டிக்கு என் சீட்டில் ஐம்பத்தொன்பது. மற்ற இரண்டிலும் அறுபது.

"எப்படி?" என்றேன்.

"முப்பதுக்குப் பெறகு ரெண்டு பூ ஒண்ணா விரிஞ்சுச்சு அண்ணாச்சி," என்றாள் முத்துமாரி. "செவப்பும் பச்சையும். நீங்க பாக்கலையா?"

பார்த்திருப்பேன். ஆனால் நான் எப்போதும் காதால் எண்ணுகிறவன். அவள் கண்ணால் எண்ணினாள். இரண்டு ஒன்றாக வெடித்தால் காதுக்கு ஒன்றுதான். அறுபதில் இரண்டு சேர்ந்து வெடிப்பது பழுதில் சேராது. புதன்கிழமையும் அதுதான் நடந்திருக்க வேண்டும். காது ஒன்றைக் குறைத்தது, கண் ஒன்றைக் கூட்டியது, கூட்டல் சரியாக அறுபது வந்தது. சரியாக வந்ததால்தான் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மீதி மூன்று பெட்டியையும் நானும் கண்ணால் எண்ணினேன், மூன்று சீட்டிலும் அறுபது. பத்தே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். லாட் பழுதில்லை. முதலாளி கேட்டிலேயே நின்று முத்துமாரியின் பெயரைக் காகிதத்தில் எழுதி, எழுத்தெல்லாம் சரியா என்று அவளிடம் காட்டினார். அவள் வாசித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்குப் பைரிக்கு ஒரு புறா, எனக்கு ஒரு பேரு," என்றாள். செல்லையா லோடு ஏற்றிக்கொண்டு சாத்தூர் வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனதாகச் சொன்னார்கள்.

7. கடைசிக் கட்டம்

அன்றைக்கே ரிஜிஸ்தரில் வலது ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் உண்டாக்கினேன். தலைப்பு "மற்றவை". நாம் தேடாத பொருள், எதிர்பார்க்காத சத்தம், எதற்கு எழுதுகிறோம் என்று தெரியாத எண், எல்லாம் அதில் போக வேண்டும். டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கூட்டல் சரியாக வந்தாலும் ஒவ்வொரு எண்ணையும் தனியாக எடுத்து, இது நடக்கக்கூடியதா என்று கேளுங்கள். நான் எழுதிய ஒன்றரையை ஒரு நாள் முழுக்க நானே கேட்கவில்லை. கேட்டிருந்தால் புதன்கிழமையே பைரியைப் பார்த்திருப்பேன்.

முத்துமாரி பயிற்சி முடித்து வந்தாள். நான் ஓய்வு பெற்றபோது ஸ்டாப்வாட்சை அவளிடம்தான் கொடுத்தேன். இப்போது டெஸ்டிங் போர்மேன் அவள்தான்.

குளிர்காலம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஐப்பசி முடிந்ததும் எண்ண ஆரம்பித்துவிடுவேன். போன வருடம் எந்தத் தேதி, அதற்கு முந்தின வருடம் எந்தத் தேதி, இந்த வருடம் ஏன் இன்னும் இல்லை என்று. அவ்வளவு தூரம் வருகிற பறவை, வழியில் என்னென்னவோ ஆகலாம். இந்த வருடம் போனதைவிட ஒன்பது நாள் தாமதம். வீட்டில் ஒன்பது நாளும் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

பத்தாம் நாள் மாலை போன் அடித்தது. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. முத்துமாரி கேட்டுக்கு வெளியே வந்து நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது.

"விளுந்துச்சு அண்ணாச்சி!"

"எத்தன செகண்டு?"

"ஒண்ணரை."

"கை தாமதத்தக் கழிச்சியா?"

"கழிக்காம உங்ககிட்டச் சொல்லுவனா? மீசையும் பாத்தேன். அதேதான்."

"புறா எத்தனை?"

"முப்பத்தெட்டு." உடனே திருத்தினாள். "இப்ப முப்பத்தேளு."

வீட்டில் எனக்கு ரிஜிஸ்தர் கிடையாது. சுவரிலிருந்த நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பைரி, ஒன்று. வந்து சேர்ந்தது.